ஏட்டுச் சுரைக்காயும் ஏரிக்கரைப் பாடமும்

ஒரு மரக்கால் விதைநெல் நாற்றங்காலிலே விழுகிறது. திங்கள் சில செல்கின்றன. களத்துமேட்டிலே நெல் குன்றெனக் குவிகிறது. பக்கத்திலே வைக்கோல் போராக எழுகிறது. விதைத்தது மரக்கால் கணக்கு. விளைந்தது வண்டிக் கணக்கு! இத்தனை எடையும் எங்கிருந்து வந்தது?

புதுவை நாட்டுப்புறத்திலே பிள்ளையார்குப்பம் என்னும் பெயர் தாங்கிய ஊர் பாகூர்ப் பக்கமும் உண்டு, வில்லியனூர்ப் பக்கமும் உண்டு. இரண்டில் எதற்கேனும் சென்று, பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனை நிறுத்தி இந்த வினாவைக் கேளுங்கள். 'மண்ணிலிருந்து வந்தது' என்பான். சற்றே சிந்திப்பவன், 'எருவிலிருந்து' என்பான். 'தண்ணீரிலிருந்து' என்பவன் பாதி வழி வந்தவன். பிறகு வினாவை மாற்றுங்கள். 'ஒளிச்சேர்க்கை பற்றி எழுதுக. மதிப்பெண் ஐந்து' என்று கேளுங்கள். கரியமில வாயு, நீர், கதிரொளி, பச்சையம், சமன்பாடு என்று அத்தனையும் ஒப்பிப்பான், எழுத்தொன்று பிசகாது. காற்றிலே கலந்துள்ள கரியமில வாயுவே கதிரின் கனத்திற்குப் பெரும்பங்கு தந்தது என்பதை அவன் கையே எழுதியிருக்கிறது. எழுதியதன் பொருள் மட்டும் அவன் கருத்திலே ஏறவில்லை.

மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து! அறிவோ?

இந்த வினா நேற்றுப் பிறந்ததன்று. 17-ஆம் நூற்றாண்டிலே பிரசல்ஸ் பகுதியில் வாழ்ந்த வான் ஹெல்மாண்ட் என்னும் மருத்துவர், தொட்டியொன்றில் 200 பவுண்டு உலர்ந்த மண்ணிட்டார். அதிலே 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக் கன்றை நட்டார். ஐந்தாண்டுகள் நீர் மட்டுமே ஊற்றி வளர்த்தார். மரம் 169 பவுண்டு ஆயிற்று. மண்ணிலே குறைந்ததோ ஏறத்தாழ இரண்டே அவுன்சு! அவர் மறைந்தபின் 1648-இல் வெளிவந்த நூல் இந்தச் சோதனையை உலகுக்கு உரைத்தது. மரம் முழுவதும் நீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். முடிவு பிழை, ஆனால் அவர் தராசு பிடித்தார்! பிடித்ததனால்தான் பின்வந்தோர் பிழையைக் காண முடிந்தது. 1779-இல் இங்கென்ஹவுஸ், பச்சிலைகள் கதிரொளியிலே உயிர்வளியை வெளியிடுவதைக் காட்டினார். 1804-இல் சுவிட்சர்லாந்தின் தெ சொசூர், காற்றும் நீரும் சேர்ந்தே பயிரின் உடலாகின்றன என்பதை எடை போட்டு நிறுவினார். மண் தருவது சிறிதளவு உப்புகளே. அவை இன்றியமையாதன எனினும் எடையிலே சிறியன.

ஆகவே, நூற்றைம்பது ஆண்டுகள் அறிஞர்கள் அலைந்து கண்ட உண்மையை ஒரே பக்கத்தில் அச்சிட்டு, 'மனப்பாடம் செய்' என்று மாணவனிடம் நீட்டுகிறோம். அவன் செய்கிறான். உண்மை நாவிலே தங்குகிறது. நம்பிக்கை பழைய இடத்திலேயே நிற்கிறது.

பட்டிக்காட்டுப் பிள்ளையின் குறை இது என்று பட்டணத்துக்காரர் பரிகசிக்க வேண்டாம். 1997-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு–ஸ்மித்சோனியன் வான் இயற்பியல் மையம், மாணவரின் புரிதல் பற்றி ஆவணப்படம் ஒன்று எடுத்தது. அந்நாட்டின் தலைசிறந்த பல்கலைக்கழகங்களிலே பட்டம் பெற்றவர்களிடம், 'சிறு விதை பெருமரம் ஆகிறதே, இந்த எடை எங்கிருந்து வந்தது?' என்று கேட்டனர். மண், நீர், உரம் என்றே விடைகள் வந்தன. காற்று என்று கருதியவர் அரியர். அங்கும் அதே கதை! வேறுபாடு ஒன்றுண்டு: அங்கே அதைக் கேட்டுப் பார்த்தனர், கேட்டதைப் படமாக்கி ஊரறியச் செய்தனர். நம் நாட்டில் கேட்பதுமில்லை. கேட்ட வேளையில் விடையைத் தாங்குவதுமில்லை. அந்த வரலாற்றைத்தான் இங்கே கூற விழைகிறோம்.

வீட்டிலே தோற்கும் விடைத்தாள்

'விடை சரியாக இருந்தால் போதாதா? புரிந்தால் என்ன, புரியாவிட்டால் என்ன?' என்று கேட்போர் உளர். புரியாவிட்டால் நேர்வது என்னவென்று காண்போம்.

தாயிடம் எக்ஸ் குரோமோசோம் மட்டுமே உண்டு. தந்தையிடம் எக்ஸும் உண்டு, ஒய்யும் உண்டு. பிறப்பது ஆணா பெண்ணா என்பது தந்தையின் விந்தணுவைப் பொறுத்தது. இது பத்தாம் வகுப்புப் பாடம். கட்டம் போட்டு, படம் வரைந்து, முழு மதிப்பெண் வாங்குகிறான் மாணவன். அதே மாணவன் வீட்டிலே, அண்ணிக்கு மூன்றாவதும் பெண் பிறக்கிறது. 'பாழாய்ப் போனவள், பொட்டையாகப் பெற்றுத் தள்ளுகிறாள்' என்று பாட்டி பழிக்கிறாள். அண்ணன் முகம் திருப்புகிறான். கட்டம் போட்ட கை கட்டிக்கொண்டு நிற்கிறது! பாடம் படித்தவன் பேசியிருந்தால் ஒரு பெண்ணின் கண்ணீர் நின்றிருக்கும்.

பாம்பு ஊர்வன இனம், பாலூட்டி இனமன்று, பால் அதன் உணவுமன்று. இதையும் எழுதி மதிப்பெண் பெறுகிறான். ஆடியிலே அன்னையின் கைபிடித்துப் புற்றுக்குப் பால் ஊற்றுகிறான். வயலிலே எலி பிடித்து உழவனுக்கு உதவும் சாரையைக் கண்டால் தடியெடுக்கிறான். தெய்வம் என்று பாலூற்றுவதும், பகை என்று அடித்துக் கொல்வதும் ஒரே கை. அந்த விலங்கு உண்மையில் என்ன உண்கிறது, எப்படி வாழ்கிறது என்பதை மட்டும் அந்தக் கை அறியாது.

பெரியம்மை கிருமியால் வருவது. 1796-இல் ஜென்னர் தடுப்புமுறை கண்டார். 1980-இல் அந்நோய் உலகை விட்டே ஒழிந்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. 'ஆத்தாள் கோபம்' என்று நம் முன்னோர் அஞ்சி நடுங்கிய நோயை, ஊசி விரட்டி அடித்தது. இவ்வரலாற்றைத் தேர்வில் எழுதியவன், வீட்டில் தம்பிக்குச் சின்னம்மை கண்டதும், மருத்துவரை விலக்கி வேப்பிலையை மட்டும் கட்டும் பெரியோரிடம் ஒரு சொல் சொல்ல அஞ்சுகிறான்.

1901-இல் லாண்ட்ஸ்டைனர் குருதி வகைகளைக் கண்டார். ஏ, பி, ஓ என்னும் வகைகள் ஊரிலும் உண்டு, சேரியிலும் உண்டு, அக்கிரகாரத்திலும் உண்டு. விபத்திலே வீழ்ந்தவனுக்கு வகை பொருந்தினால் எவர் குருதியும் உயிர் கொடுக்கும்; வகை பொருந்தாவிட்டால் உடன்பிறந்தான் குருதியும் உயிர் குடிக்கும். இதைப் படித்தபின்னும் 'எங்கள் இரத்தம் வேறு' என்று பேசுபவன் உயிரியல் கற்றவனா? உயிரியலின் சொற்களைச் சுமந்தவன்!

ஆம், புரிதலைச் சோதிக்காத பரீட்சை, மூடநம்பிக்கைக்கு முழு மதிப்பெண் கொடுத்து அனுப்பும் பரீட்சை.

ஒப்பித்தலின் ஆயிரமாண்டு

இந்தப் பழக்கம் எங்கே தொடங்கிற்று? நம் மண்ணையே கேட்போம்.

பாகூர்ச் செப்பேடுகள் என்று வரலாற்று மாணவர் அறிந்த ஆவணம் ஒன்று உண்டு. 9-ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டில், சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்னும் மூன்று ஊர்கள் பாகூரிலிருந்த வித்தியாஸ்தானத்துக்குத் தானமாக வழங்கப்பட்டன. மூன்று ஊர் உழவர் உழைத்து ஒரு கல்விக் கூடத்தைக் காத்தனர். வடமேற்கே திருபுவனையிலும் ஒரு கல்லூரி இருந்தது. 1048-ஆம் ஆண்டுச் சோழர் கல்வெட்டு, 12 ஆசிரியரும் 260 மாணாக்கரும் அங்கே இருந்ததைக் கூறுகிறது. கற்பிக்கப்பட்டவை வேதங்கள், இலக்கணம், பாரதம், இராமாயணம், மனு சாத்திரம் முதலியன.

ஆயிரமாண்டுக்கு முன்பே நம் வட்டாரத்திலே கல்லூரி இருந்தது என்று மார்தட்டலாம். தட்டுமுன், இரண்டு வினாக்களைக் கேட்டுக்கொள்வோம். எவர் பிள்ளை அங்கே கற்றது? நெல் அளந்த உழவனின் பிள்ளைக்கு வேதப் பள்ளியில் இடமில்லை. எதைக் கொண்டு மாணாக்கன் தேறினான் என்று முடிவு செய்தனர்? எழுத்துப் பிசகாமல், ஏற்ற இறக்கம் மாறாமல், குரு சொன்னதைத் திருப்பிச் சொல்வதைக் கொண்டு! ஓசை மாறாமல் ஒப்பிப்பது வேதக் கல்விக்கு உயிர்நாடியாக இருந்திருக்கலாம். அதுவே எல்லாக் கல்விக்கும் அளவுகோல் ஆனதுதான் கேடு.

அதே காலத்தில், கல்லூரிக்கு வெளியே, ஏரிக்கரையிலே இன்னொரு கல்வி நடந்துகொண்டிருந்தது. தென்பெண்ணை நீர் எந்த நாளில் வாய்க்காலில் வரும், ஏரியின் வண்டல் எந்த வயலுக்கு எத்தனை வண்டி வேண்டும், விராலும் கெளுத்தியும் எப்போது குஞ்சு பொரிக்கும், எந்தப் பறவை வந்தால் எந்தப் பருவம் என்பதெல்லாம் உழவனுக்கும் மீன் பிடிப்பவனுக்கும் பாடம். தவறினால் பட்டினி, அதுவே தேர்வு! அந்த அறிவை எந்த மன்னனும் செப்பேட்டில் பொறிக்கவில்லை. அதற்கு மூன்று ஊரும் தரவில்லை, முழ நிலமும் தரவில்லை.

வெள்ளையர் வந்தனர். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் எழுந்தது; அதன் மெட்ரிகுலேசன் தேர்வு உத்தியோகத்தின் வாயிற்படியாயிற்று. 1911-இல் எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. நம் புதுவையிலே பிரெஞ்சுக்காரரின் பள்ளிகள் இருந்தன. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16-இல் இணைப்புச் சட்டப்படி நிறைவேறியது. வடமொழி போய் ஆங்கிலமும் பிரெஞ்சும் வந்தன. அவற்றோடு தமிழும் வந்தது. எல்லார் பிள்ளைக்கும் பள்ளிக் கதவு திறந்தது. இது பெரும் புரட்சி, மறுப்பதற்கில்லை. ஆனால் கதவு திறந்தபின் உள்ளே நடந்தது என்ன? வேதத்தை ஒப்பித்த இடத்திலே விலங்கியலை ஒப்பித்தனர். ஓதும் பொருள் மாறிற்று, ஓதுதல் மாறவில்லை!

1955-இல் புதுவை நகரிலே பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. தென்னிந்தியக் காடுகளை வரைபடமாக்கி, செடிகொடிகளை உலர்த்தித் தொகுத்து, சூழலியலில் உலகோர் மதிக்கும் பணி புரிந்தது. அங்கிருந்து பாகூர் சில காதத் தொலைவே. நகரத்தில் சூழலியல் ஓர் ஆய்வுத் துறை. நாட்டுப்புறத்துப் பள்ளியிலோ அது கடைசிப் பாடம், நேரமிருந்தால் நடத்தப்படுவது.

அளந்தனர், அஞ்சினர்

ஒப்பித்தலை விட்டுப் புரிதலை அளக்க இந்நாட்டில் எவரும் முயலவில்லையா? முயன்றனர். முயன்றவர் கதை நம் இளைஞர் அறிய வேண்டிய கதை.

1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்திலே, 16 நடுநிலைப் பள்ளிகளில் புதுமுறை அறிவியல் கல்வி தொடங்கிற்று. கிஷோர் பாரதி, பிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்னும் இரு அமைப்புகள் முன்னின்றன. சிற்றூர்ப் பிள்ளைகள் பூவைப் பிரித்துப் பார்த்தனர். இலைகளைச் சேகரித்து வகைப்படுத்தினர். பூச்சிகளின் வாழ்க்கையை நாள்தோறும் கண்டு குறித்தனர். எல்லாவற்றினும் வியப்பு அவர்கள் வைத்த தேர்வு. நூலைத் திறந்து வைத்துக்கொண்டு விடை எழுதலாம்! செய்முறைத் தேர்வும் உண்டு. புத்தகம் கையில் இருக்கும்போது மனப்பாடத்திற்கு வேலை ஏது? பார்க்கவும், அளக்கவும், காரணம் கூறவும் தெரிந்தவனே தேறினான். 1982-இல் ஏகலவ்யா என்னும் அமைப்பு பிறந்து இப்பணியை வளர்த்தது. ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகள் வரை திட்டம் பரவிற்று.

2002-இல் மாநில அரசு அதை மூடிவிட்டது. முப்பதாண்டு முயற்சி ஓர் ஆணையிலே முடிந்தது. ஏகலைவன் பெயர் பூண்ட அமைப்பு அல்லவா? கட்டைவிரல் மறுபடியும் கேட்கப்பட்டது!

இரண்டாம் கதை நமக்கு இன்னும் அண்மையது. பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு என்னும் பன்னாட்டு நிறுவனம், 2000 முதல், 15 வயது மாணவரிடம் 'பீசா' என்னும் தேர்வை நடத்தி வருகிறது. பாடநூலில் உள்ளதைக் கேட்பதன்று அதன் நோக்கம். கற்றதைக் கொண்டு காணாததை ஆராயத் தெரிகிறதா என்பதே அதன் வினா. எடுத்துக்காட்டாக, பெரியம்மைத் தடுப்புமுறை பரவிய வரலாற்றைச் சிறு பத்தியாகத் தந்து, தடுப்பூசி எவ்வகை நோய்க்குப் பயன்படும், ஏன், என்று கேட்கும். இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் இத்தேர்வில் பங்கேற்றன. 2010-இல் தேர்வு, 2011 டிசம்பரில் முடிவு. பங்கேற்ற நாடுகளும் பகுதிகளும் 74. அறிவியலில் முதல் நின்ற ஷாங்காய் பெற்ற சராசரி 575. அமைப்பின் உறுப்பு நாடுகளின் சராசரி 501. தமிழ்நாடு பெற்றது 348! அடியிலிருந்து மூன்றாம் இடம். அடிப்படை நிலையையேனும் எட்டிய தமிழ்நாட்டு மாணவர் நூற்றுக்கு 16 பேர் அளவே.

புதுவை அத்தேர்விலே பங்கேற்கவில்லை. ஆயினும், அந்நாளில் புதுவைப் பிள்ளைகள் படித்தது தமிழ்நாட்டுப் பாடநூல். எழுதியது தமிழ்நாட்டுப் பொதுத் தேர்வு. அண்ணன் முகத்தைக் காட்டிய கண்ணாடி தம்பியின் முகத்தையும் காட்டியது என்றே கொள்ளவேண்டும்.

முடிவைக் கண்டு நாடு என் செய்தது? பாடத்தைத் திருத்தினோமா? பரீட்சையைத் திருத்தினோமா? 'வினாக்கள் நம் பண்பாட்டுக்குப் பொருந்தாதவை' என்று கூறி, இந்திய அரசு 2012, 2015, 2018 ஆகிய சுற்றுகளில் பங்கேற்காமல் விலகியது. அந்தக் குறைபாட்டில் உண்மை சிறிதும் இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். அயல்நாட்டார் ஆக்கிய வினாவில் நம் பிள்ளை காணாத பொருள்கள் இருக்கலாம். அவ்வாறாயின், நம் பிள்ளை கண்ட பொருளைக் கொண்டு, ஏரியையும் வயலையும் கொண்டு, அதே கூர்மையுடன் நாமே வினா ஆக்கியிருக்கலாமே! காய்ச்சலைக் காட்டிய கருவியை எறிந்துவிட்டால் காய்ச்சல் தணிந்துவிடுமா?

வெட்டுண்ட பாடம்

அளவுகோலை எறிந்தவர் அடுத்து அளக்க வேண்டிய பொருள் மீதே கை வைத்தனர். 2018 சனவரியில், ஒன்றியக் கல்வித் துறையின் இணையமைச்சராக இருந்த சத்யபால் சிங், குரங்கு மனிதனானதை நம் முன்னோர் எவரும் பார்த்ததில்லை, ஆகவே டார்வின் கொள்கை தவறு, பாடத்திலிருந்து அதை நீக்க வேண்டும் என்ற பொருள்படப் பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் கூட்டாக மறுத்தன. ஐந்தாண்டு கழிந்தது. கொரோனாக் காலத்துச் சுமையைக் குறைப்பதாகக் கூறி, 2023-இல் வெளிவந்த தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில், 'மரபும் பரிணாமமும்' என்றிருந்த பாடம் 'மரபு' என்று சுருங்கியது. பரிணாமம் போயிற்று! இயற்கை வளங்களைப் பேணுவது பற்றிய பாடமும் போயிற்று! அறிவியலாளரும் ஆசிரியருமாக 1,800-க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டுக் கண்டனம் தெரிவித்தனர்.

'பன்னிரண்டாம் வகுப்பில் பரிணாமம் இருக்கிறதே' என்றனர். இருக்கிறது, உயிரியலைத் தேர்ந்து படிப்போர்க்கு மட்டும். பத்தோடு படிப்பை நிறுத்தும் பிள்ளைக்கு? வணிகவியல் படிக்கப் போகும் பிள்ளைக்கு? அவர்களுக்கு இது கிடையாது.

புதுவைக்கு இதிலே தனித் துயரம் ஒன்றுண்டு. புதுவை, காரைக்கால் பகுதி அரசுப் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றின. அதன் பத்தாம் வகுப்பு நூலிலே உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனிப் பாடமாகவே இருந்தது. அண்மை ஆண்டுகளில் அப்பள்ளிகள் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாற்றப்பட்டன. வெட்டுண்ட நூல் வந்து சேர்ந்த காலமும் அதுவே. எல்லைக்கோட்டுக்கு அப்பால் கடலூர் மாவட்டத்துப் பிள்ளைக்கு இருந்த பாடம், இப்பால் பிள்ளையார்குப்பத்துப் பிள்ளைக்கு இல்லாமற் போயிற்று!

1925-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், பரிணாமம் கற்பித்த குற்றத்துக்காக ஸ்கோப்ஸ் என்னும் இளம் ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் விதித்தனர். அந்தச் சட்டம் 1967-இல்தான் ஒழிந்தது. அங்கே கற்பித்தவனைக் கூண்டிலேற்றினர். அதனால் உலகமே திரும்பிப் பார்த்தது. இங்கே வழக்குமில்லை, கூண்டுமில்லை. பக்கங்களை மட்டும் உருவிவிட்டனர். நூலில் இல்லாததைத் தேர்வில் கேட்க முடியாது. தேர்வில் வராததை வகுப்பில் நடத்துவார் இல்லை. ஓசையின்றி நடந்தேறியது காரியம்!

ஏரிக்கரைத் தேர்வு

புலம்பிப் பயனில்லை. நூல் சுருங்கினாலும் ஏரி சுருங்கிவிடவில்லை. பாகூர் ஏரி இருக்கிறது. 2008-இல் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட ஊசுடு ஏரி இருக்கிறது. புதுவை வட்டாரத்திலே ஏரிகள் 84 இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் ஒரு வினாத்தாள். மாதிரிக்குச் சில வினாக்களைத் தருகிறோம். இவற்றுக்கு நோட்ஸ் எந்தக் கடையிலும் விற்பதில்லை.

வயலிலே பூச்சி மருந்து அடித்தபின் புகையான் குறையாமல் பெருகுகிறதே, ஏன்? சிந்திக்கும் மாணவன் காரணத்தைக் கண்டுவிடுவான். மருந்து, புகையானைத் தின்னும் சிலந்தியையும் கொன்றது. காவலன் மாண்டான், கள்வன் பெருத்தான். இந்தோனேசியா இந்தப் பாடத்தை வயலிலே கற்று, 1986-இல் நெற்பயிருக்கு 57 வகைப் பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது.

தவளைக்காலை வெளிநாட்டுக்கு விற்று இந்தியா பணம் சேர்த்த காலம் உண்டு. 1987-இல் அந்த ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. உழவனுக்கும் அந்தத் தடைக்கும் தொடர்பு என்ன? 'உணவுச் சங்கிலி வரைக' என்று கேட்டால் அம்புக்குறி வரும். இப்படிக் கேட்டால் அறிவு வரும்.

ஊதாப் பூவோடு ஏரியை மூடுகிறது ஆகாயத்தாமரை. தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடி அது. அது மூடிய நீரிலே மீன் ஏன் மூச்சுத் திணறுகிறது? கடலோரத்து ஆழ்துளைக் கிணறு சில ஆண்டுகளில் உப்புக் கரிப்பது ஏன்? ஏரி நிரம்பி நின்றால் அந்தக் கிணற்றுக்கு என்ன நேரும்?

இன்னொரு வினா, நம் பெருமை பற்றியது. தொல்காப்பியம் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்தது; நண்டுக்கு நான்கறிவு, செவியறிவு இல்லை என்றது. ஈராயிரமாண்டுப் பழமை என்று மேடையிலே முழங்குகிறோம். முழக்கம் போதும், சோதிப்போம்! கழனி நண்டு வளையின் பக்கத்திலே, நிழல் விழாமல் நின்று, தரையைத் தட்டிப் பாருங்கள். நண்டு ஒடுங்குகிறதா? ஒடுங்கினால் அது கேட்டதா, அதிர்வை உணர்ந்ததா? இரண்டையும் பிரித்தறிய என்ன செய்வாய்? பழந்தமிழர் இயற்கையைப் பார்த்து வகுத்தனர் என்பதே பெருமை. பார்ப்பதை நிறுத்திவிட்டு அவர் வகுத்ததை மட்டும் ஒப்பிப்போமானால், வேதப் பள்ளியை விட்டு நாம் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம்?

இவ்வகை முயற்சி நடக்க முடியாத கனவன்று. 1993 முதல் நடந்து வரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டிலே, பள்ளிப் பிள்ளைகள் தம் ஊர்ச் சிக்கலைத் தாமே ஆராய்ந்து அறிக்கை படிக்கின்றனர். புதுவையிலும் தமிழ்நாட்டிலும் அறிவியல் இயக்கத்தார் அதற்கு உழைத்திருக்கின்றனர்; 'துளிர்' என்னும் இதழைச் சிறுவர்க்காகவே நடத்தியிருக்கின்றனர். அங்கே சில பிள்ளைகளுக்குக் கிடைத்தது எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும். மாநாட்டு மேடையில் நடந்தது வகுப்பறையிலும் பொதுத் தேர்விலும் நடக்க வேண்டும்.

சட்டம் இதற்கு எதிராக இல்லை, துணையாகவே நிற்கிறது. 1976-இல் அரசமைப்பின் 42-ஆம் திருத்தம், குடிமகனின் அடிப்படைக் கடமைகளை 51-ஏ பிரிவிலே வரிசைப்படுத்தியது. காடும் ஏரியும் ஆறும் காட்டுயிரும் உள்ளிட்ட இயற்கையைக் காப்பது ஒரு கடமை. அறிவியல் மனப்பான்மையும் ஆராய்ந்து கேட்கும் உணர்வும் வளர்ப்பது அதற்கு அடுத்த கடமை. ஏரியும் பகுத்தறிவும் அடுத்தடுத்து நிற்கின்றன! ஒன்றை விட்டால் மற்றொன்றும் போகும். ஏரியைப் புரியாதவன் அது மேடாவதைக் கண்டும் வாளாவிருப்பான். ஆராயத் தெரியாதவனுக்கு அது ஏன் மேடாயிற்று என்பதே விளங்காது.

தோழர்களே! பள்ளியை விட்டு வந்துவிட்டோம், இனி நமக்கென்ன என்று இராதீர். ஊரிலே படிப்பகம் நடத்துகிறீர்கள். அங்கே ஞாயிறுதோறும் பத்துப் பிள்ளைகளைக் கூட்டுங்கள். ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். விடையைச் சொல்லாதீர்கள், வினாவைக் கொடுங்கள். தராசு ஒன்று, உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று, குறிப்பேடு ஒன்று போதும். பிள்ளை தவறாகச் சொன்னால் தலையில் குட்டாதீர்கள், 'எப்படித் தெரியும்?' என்று கேளுங்கள். சரியாகச் சொன்னாலும் அதையே கேளுங்கள்! நூலில் விட்டுப்போன பரிணாமத்தை நீங்கள் கற்று அவர்களுக்கு எடுத்துரையுங்கள். பஞ்சாயத்தார், பெற்றோர், ஆசிரியர் மூவரையும் ஒருநாள் கூட்டி, பிள்ளைகள் கண்டதைப் பிள்ளைகள் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள்.

நம் போன்ற ஆசிரியர்க்கும் ஒரு சொல். பொதுத் தேர்வின் வினாத்தாளை மாற்றும் அதிகாரம் நம்மிடம் இல்லை. வகுப்பிலே வாரந்தோறும் நாம் வைக்கும் சிறு தேர்வு நம் கையில்தான் இருக்கிறது. அதிலே பத்து வினாவில் இரண்டேனும், 'எழுதுக' என்று முடியாமல் 'ஏன்?' என்று முடியட்டும். முதல் முறை விடைத்தாள்கள் வெறுமையாக வரும். வரட்டும்! அந்த வெற்றுத் தாள், மனப்பாடம் நிறைந்த தாளைவிட நேர்மையானது. எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அது நமக்குச் சொல்லும்.

ஆயிரமாண்டாகக் கேட்டு வந்த வினா, 'ஏட்டிலே என்ன இருக்கிறது?' என்பது. இனிக் கேட்க வேண்டிய வினா, 'ஏட்டில் இருப்பது உண்மைதானா, நீயே பார்த்தாயா?' என்பது. அதைக் கேட்கத் துணிந்த பிள்ளை ஊருக்கு ஒன்று எழட்டும். புற்றுக்குப் போகும் பால் பசித்த குழந்தைக்குப் போகும். பெண் பெற்றவள் தலை நிமிர்ந்து நடப்பாள். ஏரியும் நீர் கொள்ளும்!